நொய்யற் கரையில் தொண்டர் பணி

பலர் ஒன்றுகூடித் தம் பொது நலனைத் தாமே காத்துக்கொள்வதுதான் கூட்டுறவின் உயிர்நாடி. நூலுக்கும் கடனுக்கும் உரத்துக்கும் விற்பனைக்கும் சங்கம் அமைத்திருக்கிறோம். இவை யாவற்றுக்கும் ஆதாரமாகிய தண்ணீரைக் காக்கவும் நாம் கூட வேண்டாமா? இதற்கு நொய்யலைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. சாயமிடுவோரும் நிலம் உழுவோரும் அந்த ஒரே நதியை நம்பியவர்கள்; இவ்விதழின் வாசகர்களும் அவ்விரு சாராரே.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து, சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலக்கிறது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை எழுந்தது. பாசனம் அளிப்பது அதன் நோக்கம். ஆனால் அணையில் சாயக் கழிவே தேங்கிற்று. நீரைத் தேக்குவதற்கென்று கட்டிய அணையைத் தேக்காமல் வெறுமையாக வைத்திருக்க வேண்டிய நிலையும் வந்தது.

தீங்கின் காரணத்தை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம். பருத்தியில் சாயம் பிடிப்பதற்கு உப்பை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். சாயம் நூலில் ஏறுகிறது. உப்போ தண்ணீரிலேயே நின்றுவிடுகிறது. நிறத்தை நீக்கித் தெளியவைத்தாலும் கரைந்த உப்பு போவதில்லை. ஆகவே தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் ஆகாது. அந்த நீர் பாய்ந்த மண்ணில் உப்பு படிந்து, வேர் நீரை உறிஞ்ச இயலாமல் பயிர் வாடுகிறது.

ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகக் கூடி 2003-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்னும் நிலையைப் பட்டறைகள் எய்த வேண்டும் என 2006 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. உச்சநீதிமன்றம் 2009 அக்டோபரில் அதனை உறுதி செய்தது. நிபந்தனை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. விவசாயி நிலத்தை இழந்தான். தொழிலாளி வேலையை இழந்தான். வழக்குக்கு முன்பே, உப்பு ஏறத் தொடங்கிய ஆண்டுகளிலேயே, இரு சாராரும் ஒரே கணக்கைப் பார்த்திருந்தால் இவ்வளவு நஷ்டம் நேர்ந்திராது.

அந்தக் கணக்கை எழுதுவதே இன்று தொண்டர் குழுவின் முதற்பணி. அத்தகைய ஒரு குழுவில் நாமும் விடுமுறை நாட்களில் பங்கு கொண்டு வருகிறோம். அலுவலராக அன்று, தனி மனிதராகவே. வேலை எளியது, ஆயினும் ஒழுங்கு வேண்டுவது. சுத்தமான பாட்டிலை அதே கிணற்று நீரால் மும்முறை அலம்பி நிரப்புகிறோம். நாள், நேரம், கிணற்றின் புல எண், நீர்மட்டம் ஆகியவற்றை அங்கேயே குறிக்கிறோம். கரைந்த உப்பை அளக்கும் சிறு மீட்டரால் எண்ணைப் பார்க்கிறோம். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாதவிடத்து 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டர் காட்டுவது முதல் எச்சரிக்கையே. முடிவான சான்றுக்கு ஆய்வுக்கூட அறிக்கை வேண்டும்.

ஒரு தோட்டத்து மூதாட்டி நம்மை நோக்கி, “ஏனுங்க தம்பி, தென்னை கருகறதை நான் கண்ணாலயே பாக்கறேன். இதை அளந்து என்னங்க பண்ணப் போறீங்க?” என்றார். நியாயமான கேள்வி. மரம் கருகுவதைக் கண் காட்டும். உப்பு எந்த மாதம், எத்திசையிலிருந்து ஏறிற்று என்பதை மாதந்தோறும் எழுதிய ஏடே காட்டும்.

குழுவில் உள்ள சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவர் கேட்டது இதனினும் கடினமானது: “மறுபடியும் பட்டறையை மூடீட்டா நாங்க எங்கீங்க போறது?” அளந்து வைத்த எண் அவருக்கும் காப்பு என்பதே நம் விடை. செலவு செய்து கழிவைச் சுத்திகரிக்கும் பட்டறையை, இரவில் திறந்துவிடும் பட்டறை விலையால் வீழ்த்திவிடுகிறது. குற்றம் எங்கே என்று காட்டும் ஏடு இருந்தால் தவறியவன் மட்டுமே திருந்த நேரும். ஏடு இல்லையேல் எல்லாரும் ஒன்றாக மூட நேரும்.

குழு அமைப்போருக்குச் சில யோசனைகள். சங்கத்துக்குரிய ஒழுங்கு இதற்கும் உரியது. வருகையையும் தீர்மானத்தையும் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். குறை கூறப்படும் பட்டறையிடமிருந்தோ, தேர்தலில் நிற்பவரிடமிருந்தோ நன்கொடை பெறாதீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். நமக்குச் சாதகமற்ற எண்ணையும் மறையாதீர்கள். ஒரு முறை மறைத்த ஏட்டை எவரும் பின்னர் நம்பார்.

முதலில் பட்டறையோடு பேசுங்கள். பயனில்லையேல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வேண்டும் ஆவணங்களை 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் அமர்வு உண்டு. அங்கு பொதுவாக ஆறு மாதங்களுக்குள்ளும், நஷ்டஈட்டுக்கு ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் மனுச் செய்ய வேண்டும். காரணம் எழுந்த நாளே கெடுவின் தொடக்கம். ஆதலால் நாள் குறித்த ஏடு இங்கும் துணை நிற்கும்.

ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த கூட்டத்தில் இரு நெசவாளரையும் இரு விவசாயிகளையும் இப்பணிக்குத் தேர்ந்தெடுக்குமாக. தறிக்கும் ஏருக்கும் ஒரே கிணறு என்பதை அவர்கள் எழுதும் முதற் பக்கமே நமக்கு உணர்த்தும்.