தேதியும் ஓர் அமானிதமே!



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு மிட்டாய்ப் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் நம் வீடுகளில் முதலில் எதைப் பார்க்கிறோம்? ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா, ஹலால் முத்திரை உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். சந்தேகமானால் வைத்துவிடுகிறோம். இது பாராட்டத்தக்க பேணுதல். ஆனால், அதே பாக்கெட்டின் ஓரத்தில் சின்னஞ்சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும் தேதியை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? தேதி பார்ப்பது படித்தவர்களின் உலகியல் பழக்கம், அதற்கும் மார்க்கத்துக்கும் தொடர்பில்லை என்றே பலரும் எண்ணுகிறோம். அந்த எண்ணம் சரிதானா?

ஹலாலும் தய்யிபும்

அல்-பகரா அத்தியாயத்தின் 168-ஆம் வசனத்தில் அல்லாஹ் மனிதகுலம் முழுவதையும் அழைத்து, பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு கட்டளையிடுகின்றான். ஹலால் என்பது அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்பது தூய்மையானது, நல்லது, உடலுக்குத் தீங்கற்றது. இரண்டு சொற்களும் சேர்ந்தே வருகின்றன. நாமோ முதற்சொல்லைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம்! முறைப்படி அறுக்கப்பட்ட கோழியும் கெட்டுப்போனால் தய்யிப் ஆகாது.

குகைவாசிகளின் சம்பவத்தை எண்ணிப் பாருங்கள். நெடுந்துயில் நீங்கி எழுந்த அந்த இளைஞர்கள், தம்மில் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து நகருக்கு அனுப்புகிறார்கள். பசியோ கடுமை, உயிருக்கோ ஆபத்து. அந்த நிலையிலும், கிடைத்ததை வாங்கி வா என்று அவர்கள் சொல்லவில்லை. எந்த உணவு மிகத் தூய்மையானது என்று ஆராய்ந்து வாங்கிவரச் சொன்னார்கள். அல்-கஹ்ஃப் அத்தியாயத்தை வெள்ளிதோறும் ஓதும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

அல்-பகராவின் 259-ஆம் வசனத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. பாழடைந்த ஊரைக் கடந்து சென்ற ஒருவரை அல்லாஹ் நூறாண்டுகள் மரணிக்கச் செய்து, பின்னர் எழுப்பினான். அவருடைய கழுதை எலும்பாகிக் கிடந்தது; உணவும் பானமும் மட்டும் மாறாதிருந்தன. அது அல்லாஹ்வின் அத்தாட்சி. உணவு நாளடைவில் கெடும் என்பதே உலக நியதியாக இருப்பதால்தான், கெடாதிருந்தது அற்புதமாயிற்று. அந்த நியதியை நினைவூட்டும் குறிப்பே பாக்கெட்டில் உள்ள தேதி.

அண்ணாச்சி கடையும் சூப்பர் மார்க்கெட்டும்

நம் முன்னோர் தேதி பார்த்தா சாப்பிட்டார்கள் என்று சிலர் கேட்கலாம். அவர்கள் கடைக்காரரைப் பார்த்து வாங்கினார்கள். அண்ணாச்சி கடையில் பருப்பை மூட்டையிலிருந்து அள்ளி, நம் கண்முன் நிறுத்து, தாளில் மடித்துக் கொடுத்தார்கள். வண்டு விழுந்திருந்தால் மறுநாள் அவரிடமே கொண்டுபோய்க் கொட்டலாம். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் முகப்பழக்கம் இருந்தது.

இந்த நிலை மாறிய வரலாற்றில் நம் திருவான்மியூருக்கும் ஓர் இடம் உண்டு. 1996-இல் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஃபுட்வேர்ல்டு தன் முதல் கடையைத் திறந்தது. 1997 மார்ச்சில் சுபிக்‌ஷா நிறுவனம் தன் முதல் கடையைத் தொடங்கியது திருவான்மியூரில்தான். குறைந்த விலை என்பதே அதன் அழைப்பு. நாடெங்கும் சுமார் 1,600 கிளைகளாகப் பரவிய அந்நிறுவனம் 2009-இல் கடைகளை மூடிவிட்டது. ஆனால் அது பரப்பிய பழக்கம் நின்றுவிடவில்லை. அலமாரியிலிருந்து நாமே எடுத்துக் கூடையில் போடுகிறோம். பொருளைச் செய்தவர் எங்கோ தொலைவில் இருக்கிறார். பில் போடும் ஊழியருக்கும் அதன் வரலாறு தெரியாது. அன்று கடைக்காரர் சுமந்த பொறுப்பில் ஒரு பாதி இன்று நம் தலைமேல் வந்துவிட்டது. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற நமக்கிருக்கும் முதல் வழி, பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதுதான்.

தேதி என்ன சொல்கிறது?

பாக்கெட்டில் பெரும்பாலும் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, தயாரித்த அல்லது பொதியிட்ட நாள். மற்றது, ‘எக்ஸ்பயரி’ அல்லது ‘யூஸ் பை’ எனப்படும் காலாவதி நாள். அதற்குப்பின் அப்பொருளை விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது. சிலவற்றில் ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றும் இருக்கும். சுவையும் மணமும் தரமும் குறையாமல் இருக்கும் என்று தயாரித்தவர் உறுதி தரும் எல்லை அது. அந்நாள் கடந்தவுடன் பொருள் நஞ்சாகிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள் காலாவதி நாளைக் கட்டாயமாக்கி, ‘பெஸ்ட் பிஃபோர்’ குறிப்பைக் கூடுதல் தகவலாக மட்டும் அனுமதித்தன.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களில் கூடுதல் கவனம் தேவை. நம் நாட்டில் நாள் முன்னும் மாதம் பின்னும் வரும்; அமெரிக்க வழக்கில் மாதம் முன்னே வரும். 05/06 என்றிருந்தால் ஜூன் 5 என்றும் கொள்ளலாம், மே 6 என்றும் கொள்ளலாம். தயாரித்த நாளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேதி மட்டுமே போதுமா? போதாது. பொதியைப் பிரிக்காமல், சொன்ன குளிர்நிலையில் வைத்திருந்தால்தான் அந்தத் தேதி செல்லும். பிரித்த பின் பொருளுக்கு ஆயுள் குறைவு. ஆகவே பால், தயிர், இறைச்சி போன்றவற்றைக் கடைசியாக எடுத்து, தாமதமின்றி வீடு சேருங்கள். உப்பிய பாக்கெட்டையும் புடைத்த டப்பாவையும் தேதி இருந்தாலும் தொடாதீர்கள். உள்ளே கிருமிகள் பெருகியதால் உண்டான வாயுவே அதை உப்பச் செய்திருக்கக்கூடும். தேதியின் மீது விலைத்தாள் ஒட்டியிருந்தாலோ, எழுத்து அழிந்திருந்தாலோ வாங்காதீர்கள்.

அம்பெய்து மூன்று நாள் கழித்துக் கண்டெடுத்த வேட்டைப் பிராணியை, அது துர்நாற்றம் அடையாதிருந்தால் உண்ணலாம் என நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், நாற்றமடைந்ததை உண்பது விரும்பத்தகாதது என்றும், தீங்கு அஞ்சப்பட்டால் அது தடுக்கப்பட்டதே என்றும் விளக்குகிறார்கள். பாலைவனத்து வேட்டைக்காரருக்கு மூக்கு அளவுகோலாக இருந்தது. மூடிய பொதிக்குள் மூக்கு நுழையாது. நோய் தரும் கிருமிகள் எல்லாமே நாற்றத்தால் தம்மை அறிவிப்பதுமில்லை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்து ஷவர்மாவை உண்ட 14 வயது மாணவி உயிரிழந்ததை நாடறியும். கெட்ட உணவு வெறும் வயிற்றுவலியோடு நின்றுவிடும் என்று அலட்சியம் செய்யலாகாது.

வியாபாரப் பெருமக்களுக்கு

2010 மார்ச்சில் சென்னை நகரமே அதிர்ந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். காலாவதியான மருந்துகளைச் சேகரித்து, தேதியை மாற்றி, புதியவைபோல் மீண்டும் கடைகளுக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டது. நோய் தீர வேண்டும் என்று வாங்கியவருக்கு உயிரற்ற மருந்து விற்கப்பட்டது! அழிக்கப்பட்டது சில எழுத்துகள்தானே என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அந்தச் சில எழுத்துகளை நம்பித்தான் ஒரு தாய் தன் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறாள்.

மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஓர் உணவுக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். கவனியுங்கள்! மழை பெய்தது அவர் குற்றமன்று. நனைந்ததை மறைத்ததே குற்றம். பொருள் காலாவதியாவதும் வியாபாரத்தில் இயல்பே. அதை அலமாரியில் விட்டுவைப்பதும், தேதியைச் சுரண்டுவதும், பழையதைப் புதியதோடு கலந்து பொட்டலம் கட்டுவதும்தான் அந்த ஈரத்தை அடியில் மறைக்கும் செயல்.

கூஃபாவில் துணி வியாபாரியாக இருந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள ஒரு துணியைக் குறிப்பிட்டு, அதைச் சொல்லியே விற்கும்படி தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

நாட்டின் சட்டமும் இதையே பேசுகிறது. 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், அதன் 27-ஆம் பிரிவில், காலாவதி நாளுக்குப்பின் விற்ற பொருளுக்கு விற்பனையாளரே பொறுப்பு என்கிறது. சட்டத்தின் பார்வைக்குத் தப்பியவரும் அல்லாஹ்வின் பார்வைக்குத் தப்ப முடியாது.

சலுகையும் வீண்விரயமும்

“இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்” என்ற அட்டையைக் கண்டதும் கை தானாக நீளுகிறது. ரமளான் நெருங்கினால் சொல்லவே வேண்டாம். பேரீச்சம்பழம், சேமியா, சர்பத் என்று வண்டி நிறைகிறது. காலாவதி நெருங்கிய சரக்கை விரைவில் தள்ளிவிடவும் சில சலுகைகள் வருகின்றன. தேதி தெரியும்படி இருந்தால் அப்படி விற்பதில் தவறில்லை. ஆனால், பத்து நாளில் முடியும் மூன்று பாக்கெட்டை ஒரு மாதம் வைத்து உண்ணும் குடும்பம் வாங்கினால், அது லாபமா? அல்-அஃராஃப் 31-ஆம் வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்து, உடனே விரயத்தைத் தடுக்கிறது. கீழே விழுந்த கவளத்தைக்கூடத் துடைத்து உண்ணக் கற்பித்த நபியின் உம்மத், மூட்டை மூட்டையாகக் குப்பையில் கொட்டலாமா?

எனவே வீட்டில் இருப்பதைப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். பழைய பொருளை அலமாரியின் முன்னும் புதியதைப் பின்னும் வையுங்கள். கடைகளிலும் அப்படித்தான் அடுக்குவார்கள்; முதலில் வந்தது முதலில் விற்றாக வேண்டும். பல நாள் வைத்திருக்க வேண்டிய பொருளைப் பின்வரிசையிலிருந்து எடுப்பது உங்கள் உரிமை. ஆனால் இன்று மாலையே காய்ச்சப்போகும் பாலுக்காகப் பின்வரிசையைக் கலைக்க வேண்டுமா? முன்னால் இருப்பதை எடுத்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஓர் உணவு வீணாகாமல் காத்தவராவீர்கள்.

கைப்பேசியில் சொல்லி வீட்டுக்கே பொருளை வரவழைப்பவர்கள் வாங்கும் முன் தேதியைப் பார்க்க முடிவதில்லை. அதனால்தான், ஒப்படைக்கும்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ, அல்லது காலாவதிக்கு 45 நாளோ மீதமிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அந்நிறுவனங்களை அறிவுறுத்தியது. பொருள் வந்தவுடன் தேதியைப் பாருங்கள்.

ஏழையின் வயிறும் வயிறுதான்

இனிச் சொல்லப்போவது கசப்பானது. காலாவதியான பாக்கெட்டைக் கண்டதும் நம் வீடுகளில் எழும் முதல் எண்ணம், “வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிடலாம்” என்பதே! குப்பையில் போட்டால் விரயம், கொடுத்தால் ஸதகா என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

மதீனாவில் அன்ஸாரிகள் தம் தோட்டத்துப் பேரீச்சங்குலைகளைப் பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்கள் பசித்தபோது உண்பார்கள். நன்மையில் நாட்டமில்லாத சிலர் சொத்தையான குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டனர். அப்போதுதான் அல்-பகராவின் 267-ஆம் வசனம் இறங்கியது என்று பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உங்களுக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டேயன்றி வாங்கமாட்டீர்கள் என்ற பொருளை, அல்லாஹ்வின் பாதையில் கொடுக்கத் தேடாதீர்கள் என்பது அதன் கருத்து. நம் பிள்ளைக்கு ஆகாதது அந்தச் சகோதரியின் பிள்ளைக்கு எப்படி ஆகும்? கொடுக்க நாடினால் நாள் மீதமிருக்கும்போதே கொடுங்கள். நாள் கடந்ததைப் பாக்கெட்டைக் கிழித்து அப்புறப்படுத்துங்கள்.

திருப்பிக் கொடுப்பது உரிமை

காலாவதியான பொருள் நம் கைக்கு வந்துவிட்டால் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். வாங்கும்போது அறியாத குறை பின்னர் வெளிப்பட்டால், வணிகத்தை முறித்துப் பொருளைத் திருப்பித் தரும் உரிமைக்கு ஃபிக்ஹு நூல்களில் ‘கியாருல் ஐப்’ என்று பெயர். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளும் இதை ஏற்கின்றன. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பலகை மாட்டினாலும் இந்திய நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். ஆகவே பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் கடைக்காரரிடம் கண்ணியமாகச் சொல்லுங்கள், கவனப்பிழையாகவும் இருக்கலாம். அவர் அலமாரியில் மீதமுள்ளதையும் அப்புறப்படுத்தினால், அடுத்து வருபவரையும் காத்தவராவீர்கள். அலட்சியம் செய்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கோ தெரிவிக்கலாம். தீமையைக் கண்டு தடுப்பது நம் கடமைதானே?

சகோதர, சகோதரிகளே! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் குடும்பத்தோடு அமர்ந்து சமையலறை அலமாரியையும் மருந்துப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். நாள் கடந்ததை நீக்குங்கள். நாள் நெருங்கியதை முன்னால் வையுங்கள். தேவைக்கு மிஞ்சியதை இன்றே உரியவருக்குக் கொடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் தேதி பார்க்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். ஹலாலைத் தேடும் பழக்கத்தோடு தய்யிபைத் தேடும் பழக்கமும் அப்பிள்ளையோடு வளரும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உணவைத் தூய்மையானதாகவும், நம் வணிகத்தை நேர்மையானதாகவும், நம் தர்மத்தை ஏற்கத்தக்கதாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.