மூச்சு சீராக இருக்கும்போதே பேசிவிடுங்கள்

புற்றுநோய் என்றதும் குடும்பம் ஓரளவு மனதைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கிவிடும். இதயச் செயலிழப்பும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. திடீரென மூச்சு முட்டும், ஐ.சி.யூ.வுக்கு ஓட்டம், சில நாளில் வீடு திரும்பிவிடுவார். "போன தடவையும் இப்படித்தான், எழுந்து உட்கார்ந்துட்டாரே" என்பார்கள். ஆனால், ஒவ்வொரு முறையும் உடல் முன்பைவிடக் கொஞ்சம் தளர்ந்தே திரும்புகிறது. எந்த முறை கடைசி என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற பேச்சு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. முடிவெடுக்க வேண்டிய நாளில், பேச வேண்டியவரின் தொண்டையில் குழாய் இருக்கிறது.

பேசத் தயங்க இன்னொரு காரணமும் உண்டு. நோயின் வேதனைகளைக் குறைக்கும் வலி தணிப்பு ஆதரவு சிகிச்சை என்றாலே 'கைவிட்டுட்டாங்க' என்று நினைக்கிறோம். பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்த ஆதரவும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைந்தன. ஆயுளின் இடைநிலை அளவு அவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் கூடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சிகிச்சையில் எளிய வித்தைகளும் உண்டு. கையடக்க மின்விசிறியை முகத்தருகே பிடித்தால் மூச்சுத்திணறல் சற்றுத் தணியும். கன்னத்திலும் மூக்கிலும் படும் குளிர்காற்றை அங்குள்ள நரம்பு மூளைக்குச் சொல்வதே காரணம் என்று கருதப்படுகிறது.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." மருத்துவமனை வராந்தாவில் அடிக்கடி கேட்கும் குரல் இது. பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். வீட்டார் தாங்க மாட்டார்கள் என்று அவரும் வாய் திறப்பதில்லை. தேர்ந்த மருத்துவர் செய்தியைத் தலையில் போட்டு உடைப்பதில்லை. "உங்க நோயைப் பத்தி என்ன புரிஞ்சுவச்சிருக்கீங்க? எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?" என்றுதான் தொடங்குவார். தெரிய வேண்டாம் என்று நோயாளி சொன்னால் அதுவும் அவர் உரிமை.

பேசி எடுத்த முடிவை எழுதிவைக்கவும் வழி உண்டு. மீளும் வாய்ப்பில்லாத நிலையில் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைப்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது: இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். உங்கள் வீட்டில் இப்படியொரு நோயாளி இருந்தால், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பெறுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடமே இப்போதே கேளுங்கள்.