சாஃப்ட்னர் கக்கும் உப்புத்தண்ணீர் எங்கே போகிறது?

போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, கீசர் காயிலில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, ஷவரின் துளை அடைத்துக்கொள்கிறது. இந்தத் தொல்லை தாங்காமல்தான் வீட்டுக்கு சாஃப்ட்னர் வாங்குகிறோம். விலை என்ன, வாரண்டி எத்தனை வருஷம், ரெசின் எத்தனை லிட்டர் என்றெல்லாம் துருவிக் கேட்கிறோம். மெஷினின் பின்பக்கத்திலிருந்து வரும் அரை இஞ்ச் டியூபை எங்கே விடப்போகிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. பொருத்த வந்தவர் வேலை முடிகிற அவசரத்தில், பக்கத்தில் எந்த ஓட்டை தெரிகிறதோ அதில் செருகிவிட்டுப் போகிறார். அது மழைநீர் சேகரிப்புக் குழியின் மூடியாக இருந்தால் ஆபத்து அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ரெசின் மணிகள் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலை ஓட்டி அவற்றைக் கழுவியாக வேண்டும். ரீஜெனரேஷன் என்பது இதைத்தான். 25 லிட்டர் ரெசின் உள்ள மெஷினுக்கு ஒரு கழுவலுக்கு 3 கிலோ உப்பு என்று வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு முறை கழுவினால் வருஷத்துக்கு 300 கிலோவைத் தாண்டிவிடும். அந்த உப்பில் உள்ள குளோரைடை ரெசின் தொடுவதே இல்லை. அத்தனையும் டியூப் வழியாக வெளியே வந்துவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் (ஐ.எஸ். 10500) குளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம். ஒரே ஒரு கிலோ உப்பு, சுமார் 2,400 லிட்டர் சுத்தமான நீரை அந்த எல்லைவரை கொண்டுபோய்விடும்.

தமிழ்நாட்டில் 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நிலத்தடி நீர் ஊறுவதற்காகத் தோண்டிய அந்தக் குழிக்குள்ளேயே உப்பை இறக்குவதைப் போன்ற கொடுமை வேறில்லை. குழிக்குப் பக்கத்திலேதான் பெரும்பாலும் நம் போர்வெல்லும் இருக்கிறது. அதில் உப்பு ஏறினால் சாஃப்ட்னரால் குறைக்க முடியாது. அது கடினத்தன்மையை மட்டுமே எடுக்கும், நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை (டி.டி.எஸ்.) எடுக்காது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தத் தப்பும் செய்யாமலே அவருடைய போர் தண்ணீரும் கரித்துப்போகும். தோட்டத்தில் விட்டாலும் இதே கதைதான். சோடியம் ஏறிய களிமண் இறுகிவிடும், செடிகளின் இலை ஓரம் கருகும்.

பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீட்டில், டியூப் போக வேண்டிய இடம் தரையில் கழிவுநீர் வடியும் நஹானி டிராப் அல்லது சேம்பருக்குப் போகும் கழிவுநீர்க் குழாய். தெருவிலுள்ள மழைநீர் வடிகாலில் விடக்கூடாது. டியூபின் நுனியைக் கழிவுக் குழாய்க்குள் நுழைக்கவும் கூடாது. குழாயின் வாய்க்கு மேலே இரண்டு விரல் அகலமாவது இடைவெளி விட்டு, நுனி நகராதபடி கிளிப் போட வேண்டும். சாக்கடை அடைத்து நீர் மேலேறியிருக்கும் நேரத்தில், சப்ளை குழாயில் அழுத்தம் இறங்கினால், முங்கியிருக்கும் டியூப் அந்த அழுக்கை மெஷினுக்குள் உறிஞ்சிவிடும். நாம் குளிக்கும், பல் தேய்க்கும் தண்ணீர் அதே மெஷின் வழியாகத்தான் வருகிறது. உப்புத் தொட்டிக்கு ஓவர்ஃப்ளோ டியூப் தனியாக இருக்கும். அதை டிரைன் டியூபோடு ஒரு டீ போட்டு இணைக்கக் கூடாது. அது தானாகவே சரிந்து வடிய வேண்டும். டிரைன் டியூப் மடங்கியிருந்தால் கழுவல் அரைகுறையாக முடிந்து, மறுநாள் குழாயில் உப்பு கரிக்கும்.

செப்டிக் டேங்க் வைத்திருக்கும் வீடுகளில் நல்ல வழி எதுவுமே இல்லை. உறிஞ்சுகுழி வழியாக உப்பு கடைசியில் மண்ணுக்குத்தான் போகிறது. அடுக்குமாடியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் (எஸ்.டி.பி.) உப்பை நீக்காது, அந்த நீரைத்தான் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் முழு வீட்டுக்கும் சாஃப்ட்னர் வேண்டாம் என்பேன். குளியலுக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் இணைத்து, இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கழுவாமல், ஓடிய லிட்டரைக் கணக்கிட்டுக் கழுவும் வால்வு உள்ளதாக வாங்கினால் உப்புச் செலவு கணிசமாகக் குறையும்.

இந்த உப்புக்காக மெஷினையே தடைசெய்த இடமும் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில், வீட்டு சாஃப்ட்னர் உப்பு சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி ஆற்றில் கலந்தது. கீழே ஸ்ட்ராபெர்ரி, அவகாடோ பயிரிடுபவர்களின் பாசன நீர் அது. 2003-இல் புதிய மெஷின்களுக்குத் தடை விதித்தார்கள். 2008-இல் மக்களே வாக்களித்து, ஏற்கெனவே இருந்தவற்றையும் அகற்ற ஒப்புக்கொண்டார்கள்.

நம்மிடம் அப்படித் தனித்தடை இல்லாவிட்டாலும் சட்டம் கைவிடவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சரியாகப் பயன்படுத்தும் முறையைப் போதிய அளவு சொல்லாமல் விற்ற பொருளால் சேதம் வந்தால், தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். பொருத்திக்கொடுத்தவரின் சேவைக் குறைபாட்டுக்கும் இழப்பீடு கேட்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

வாங்கும்போதே ஒரு கழுவலுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை லிட்டர் கழிவு, எந்த இடத்தில் விடப்போகிறார்கள் என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்கிவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் போர் தண்ணீரை மெஷின் வைப்பதற்கு முன்னும், ஒரு வருஷம் கழித்தும் பரிசோதித்து அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் வீட்டு டியூப் ஏற்கெனவே மழைநீர்க் குழியில் இருந்தால் இன்றே எடுத்துவிட வேண்டியதுதான். எடுப்பதற்கு முன்னால் அது இருக்கும் இடத்தை, தேதி தெரியும்படி, படம் எடுத்துக்கொள்ளுங்கள்.