மெருகு வர்ணமும் கைத்தொலைபேசியும்

கும்பாபிஷேகம், திருவிழா ஆகியவற்றை முன்னிட்டு ஆலய வாகனங்களுக்குப் புது வர்ணம் தீட்டுவது பல ஊர்களில் வழக்கம். புதுப் பூச்சு ஏறியதும், முன்னைய கலைஞர் குதிரையின் கண்ணுக்கும் மயிலின் தோகைக்கும் இட்ட கோடுகள் மறைந்துவிடும். அதற்கு முன், ஆலயத்தாரின் அனுமதியுடன் அவற்றைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்தல் நற்பணியாகும். ஆனால் எடுத்த படத்திலோ வர்ணத்துக்குப் பதிலாக வெண்திட்டே தெரிகின்றது. காரணம் யாது?

மெருகிட்ட பரப்பு கண்ணாடி போன்றது. படுகோணமும் தெறிகோணமும் சமம் என மாணவர் கற்பரன்றோ? தொலைபேசியின் மின்னொளி நேரே சென்று நேரே திரும்பி, வர்ணத்தை மறைக்கின்றது.

ஆகவே முதலில் மின்னொளியை நிறுத்துக. நேர்வெயிலைத் தவிர்த்து, மண்டப நிழலில் பக்கவாட்டாக ஒளி படும் வேளையில் எடுக்கவும். எடுப்பவரின் வெள்ளுடையும் வர்ணத்தில் தெறிக்கும். அவருக்கு முன்னால் கரிய துணியொன்றைப் பிடித்து, அதன் மேலாகத் தொலைபேசியை நீட்டுதல் நன்று. மிக நெருங்காது, சற்று விலகி நின்று இருமடங்கு பெருப்பித்தால் உருவம் கோணாது. திரையில் வர்ணத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சிறிது குறைக்கவும்.

இன்னும் மினுக்கம் நீங்காதாயின், ஒளியை முனைவாக்கும் வெயிற்கண்ணாடியை வில்லையின் முன் பிடித்து மெல்லத் திருப்புக. பரப்பின் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்வில் நின்றால் மினுக்கம் பெரிதும் அடங்கும். இக்கோணத்தின் விதியை டேவிட் புரூஸ்டர் 1815-இல் வெளியிட்டார். வர்ணத்துக்கே இம்முறை பயன்படும். உலோகத் தகட்டுக்கு அன்று.

படத்துடன் ஆலயத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். வாகனம் புதுப்பொலிவு பெறட்டும். பழைய கைவண்ணமும் பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டட்டும்.