கடையில் வாங்கும் கடலைமிட்டாய் வீட்டு வாணலியிலேயே வரும், தெரியுமா?

கோவில்பட்டியில் ரயில் நின்றதும் கண் தேடுவது கடலைமிட்டாயைத்தான்! அதைச் செய்ய உங்கள் அடுப்படியில் முக்கியமாக வேண்டியவை இரண்டே பொருள்: நிலக்கடலை, வெல்லம்!

கடலை கடல் கடந்து வந்தது, தெரியுமா?
இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா! நம் வடமாவட்டங்களில் ‘மணிலாக்கொட்டை’ என்கிறார்களே, அந்த மணிலா பிலிப்பைன்ஸின் தலைநகர்! பூப்பது மண்ணுக்கு மேலே. பூ வாடியதும் காம்பு கீழே இறங்கி, காய்ப்பது மண்ணுக்குள்ளே! 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம்!

முதலில் கருப்பட்டிதான், தெரியுமா?
திருவிழாக் காலத்தில் கருப்பட்டிப் பாகில்தான் கடலைமிட்டாயைச் செய்தார்கள். 1940-களில் கோவில்பட்டிக் கடைவீதியில் பொன்னம்பல நாடார் வெல்லப்பாகில் செய்து விற்க, மிட்டாய் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது!

பாகு பேசும், தெரியுமா?
ஒரு டம்ளர் வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்க விடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். அதில் ஒரு சொட்டுப் பாகு விடுங்கள். முதலில் கரைந்து ஓடும். அடுத்த சொட்டு மெழுகுபோல் வளையும். அவசரப்படாதீர்கள்! இன்னும் கொஞ்சம் கொதித்ததும், தண்ணீரில் இறுகிய சொட்டை எடுத்துத் தட்டில் போட்டால் ‘ணங்’ என்று சத்தம் கேட்கும். அதுதான் பதம்! அப்போது சூடு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ். பாகிலிருந்த தண்ணீர் அநேகமாக வற்றியிருக்கும். ஆறி இறுகிய அந்தப் பாகை இயற்பியல் ‘கண்ணாடி’ வகையில் சேர்க்கிறது!

கடலையும் சூடாக இருக்கணும், தெரியுமா?
வறுத்து, தோல் தேய்த்து, சொளகில் புடைத்த 2 டம்ளர் கடலையை வெதுவெதுப்பாகவே பாகில் கொட்டுங்கள். ஆறிய கடலை பாகை உடனே இறுக்கிவிடும்! கொஞ்சம் ஏலக்காய், சுக்குப்பொடி தூவிக் கிளறி, அரிசிமாவு தூவிய பலகையில் கொட்டிப் பூரிக்கட்டையால் தேயுங்கள். சூடு ஆறும் முன்னே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள்!

பெயருக்குக் காப்பு உண்டு, தெரியுமா?
2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது! அந்தப் பெயரில் விற்கும் உரிமை அந்த வட்டாரத்துக்கே. வீட்டில் செய்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க யாருக்கும் தடையில்லை!

வறட்சியும் துணை நிற்கும், தெரியுமா?
வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப்போகும்! அதனால் ஆறியதும் டப்பாவில் போட்டு இறுக்க மூடுங்கள். மழை குறைந்த ஊர் என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் கோவில்பட்டிக் கரிசல் சீமையின் அந்த வறண்ட காற்றில்தான், மிட்டாய் ‘படக்’கென்று ஒடிகிறது!