சுதந்திர தின தங்கக் காசு... போனஸ் பணத்தைப் போடலாமா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பனியன் கம்பெனிகளில் பாதிப்பேர் போடும் கணக்கு ஒன்றுதான். “அரை பவுனாவது எடுத்து வெச்சிரலாம்.” அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். மூவர்ணக் கொடி, அசோகச் சக்கரம், பளபளக்கும் தங்கக் காசு. ‘சுதந்திர தின நினைவு வெளியீடு, குறைந்த எண்ணிக்கையே உள்ளது’ என்று கீழே எழுதியிருக்கும். 1932-ல் குமரன் கொடியோடு அடிபட்டு விழுந்த ஊர் இது. கொடி போட்ட காசைப் பார்த்தால் கை நீளத்தான் செய்யும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்தக் காசை வெளியிட்டது யார்?

சுதந்திரத்தின் 25-ம் ஆண்டுக்கு, 1972-ல், மத்திய அரசு வெள்ளி கலந்த 10 ரூபாய் நாணயம் வெளியிட்டது. 50-ம் ஆண்டுக்கு, 1997-ல், வெள்ளி கலந்த 50 ரூபாய் நாணயம். 75-ம் ஆண்டுக்கு 2022 ஜூனில் வந்தவை 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்கள், அதுவும் சாதாரணப் புழக்கத்துக்கு. இந்த வரிசையில் தங்கமே இல்லை. பக்கத்து நாடான இலங்கை 1998-ல் தன் சுதந்திரப் பொன்விழாவுக்கு 5,000 ரூபாய் மதிப்பில் தங்க நாணயமே வெளியிட்டது. நம்மூரில் அரசு தங்கக் காசு என்றால் 2015 நவம்பரில் வந்த ‘இந்திய தங்க நாணயம்’தான். ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி, 24 கேரட். அதிலும் ரூபாய் மதிப்பு கிடையாது. பெயர்தான் நாணயம், சட்டப்படி பார்த்தால் அழகாக அச்சடித்த தங்கத் துண்டு.

அப்போ வாட்ஸ்அப்பில் வந்தது? பெரும்பாலும் தனியார் அச்சடித்த பதக்கம். அது குற்றமில்லை. விலையில்தான் விஷயம் இருக்கிறது.

நாம் சொல்லும் ‘பவுன்’, ‘சவரன்’ இரண்டுமே ஒரு காசிலிருந்து வந்த சொற்கள். பிரிட்டிஷ் ‘சாவரின்’ காசு ஒரு பவுண்டு மதிப்புள்ளது. எடை 7.988 கிராம், 22 கேரட். 1918-ல் பம்பாயிலேயே அச்சடித்தார்கள். அதைத்தான் 8 கிராம் என்று முழுசாக்கி இன்றும் எடை போடுகிறோம். ஆக, காசு என்றாலே நமக்கு எடைதான். நினைவு வெளியீட்டுக்காரர்களோ எடைக்கு மேல் கதைக்கும் சேர்த்து விலை வைப்பார்கள்.

கணக்குக்கு வசதியாக கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கிராம் 80,000. நினைவு வெளியீடு என்பதற்காக 10 சதவிகிதம் கூடுதல் என்றால் 88,000. அதன்மேல் 3 சதவிகிதம் ஜிஎஸ்டி 2,640. மொத்தம் 90,640 ரூபாய். மறுநாளே அவசரத்துக்கு நகைக்கடையில் கொடுத்தால், கடைக்காரர் கொடியையா பார்ப்பார்? உரசிப் பார்த்து 80,000-க்குள்தான் தருவார். போனது 10,640 ரூபாய். ஒரு செக்கிங் அக்காவுக்கு அது எத்தனை சனிக்கிழமைச் சம்பளம்!

சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்களே என்பீர்கள். தருவார்கள், அரசு நாணயச்சாலை குறைவாக வெளியிட்டவற்றுக்கு. தனியார் பதக்கத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு வார்த்தையையும் கவனியுங்கள். ‘24 கேரட் தங்க முலாம்’. பெரிய எழுத்தில் 24 கேரட், பொடி எழுத்தில் முலாம். உள்ளே செம்போ பித்தளையோ இருக்கும். கிராம் எடையே போடாமல் விளம்பரம் வந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

ஹால்மார்க் இருக்குமே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. 2020-ல் வந்த கட்டாய ஹால்மார்க் ஆணை நகைகளுக்கும் தங்கக் கலைப்பொருள்களுக்கும்தான். கட்டி, தகடு, காசு வடிவில் உள்ள தங்கத்துக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் காசில் பிஐஎஸ் முத்திரை, 999 அல்லது 916 என்ற தர எண், எடை மூன்றும் இருக்கிறதா என்று நீங்களேதான் பார்த்து வாங்க வேண்டும். 916 என்றால் 8 கிராமில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம்தான், 24 கேரட் விலை போட்டால் விடாதீர்கள். பில்லில் தங்கத்தின் விலையும் கூடுதல் கட்டணமும் தனித்தனியாக இருக்கணும். வங்கியில் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல்: ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகள் தங்கக் காசை விற்கலாம், திரும்ப வாங்க முடியாது. சீல் வைத்த பேக்கோடு வந்தால் பேக்கைக் கிழிக்காமல் பில்லோடு வையுங்கள். விற்கும்போது பேரம் பேச அது உதவும்.

சேமிப்புக்கு என்றால் கொடி, தலைவர் படம் எதுவும் இல்லாத, செய்கூலி குறைந்த வெறும் காசு போதும். நினைவுக்கு என்றால் 75-ம் ஆண்டு முத்திரையோடு 2022-ல் வந்த 20 ரூபாய் நாணயம் இருக்கிறது. டீக்கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது ஒருமுறை திருப்பிப் பாருங்கள், உங்கள் கைக்கே வந்திருக்கலாம்.