வந்து போகும் நிருபரும், ஊரிலேயே இருப்பவரும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்து கேட்டபோது, நான் மோட்டார் வைண்டிங் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது மனசு வேறு பக்கம் போய்விட்டது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுத் தறிக்கு மேலே ஆணியில் தொங்கும் ஒரு பழைய ரேடியோ. இப்போது அது பாடுவதில்லை. அப்பா மட்டும் அதைத் தூக்கிப் போட விடமாட்டார்.

அப்பாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது தாத்தாவும் அவரும் எதிரெதிர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்வார்களாம். இரவு 9.15க்கு லண்டன் பிபிசி தமிழோசை ஆரம்பித்தால் இரண்டு தறியும் நின்றுவிடுமாம். யாழ்ப்பாணத்துச் செய்தி என்றால் நிமலராஜன் என்ற பெயர் அடிக்கடி வரும். மயில்வாகனம் நிமலராஜன். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நாள், செய்தி தந்துகொண்டிருந்த அந்த மனிதரே செய்தியாகிவிட்டார். "அன்னிக்கு உங்க தாத்தா அப்புறம் நாடாவைத் தொடவே இல்லடா" என்று அப்பா இன்றும் சொல்வார்.

நிமலராஜனுக்கு என்ன நடந்தது என்பதற்கு முன், இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வானொலிகளும் ஒரு நாட்டுக்குத் தங்கள் நிருபரை அனுப்புகின்றன. அவருக்கு விசா வேண்டும், அந்த அரசின் அங்கீகார அட்டை வேண்டும். அவருக்கு ஊர் தெரியாது, பாஷை தெரியாது. அதனால் உள்ளூர் ஆள் ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் கார் ஓட்டுவார், மற்றொருவர் தகவல் சொல்வார். அவர் போக முடியாத ஊர்களிலிருந்து செய்தி அனுப்ப, ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கூலி பேசி உள்ளூர் நிருபர்களையும் வைத்திருப்பார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் கூலி நெசவு மாதிரிதான்! சேலையில் முதலாளி முத்திரை இருக்கும். நெய்தவன் பேர் இருக்காது. தமிழோசை பேரைச் சொன்னதே பெரிய விஷயம்.

சர்வாதிகாரம் என்றதும் ஹிட்லர், இடி அமீன் என்று தூரத்துக்குப் போக வேண்டாம். நம் டெல்லிக்கே வருவோம்.

1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்சி அறிவிக்கப்பட்டது. அன்றிரவே பகதூர்ஷா ஜாபர் மார்க் என்ற தெருவில் இருந்த பத்திரிகை அலுவலகங்களுக்குக் கரண்ட் கட். (ட்ரிபிள் ஈ மாணவர்கள் கவனிக்க: ஸ்டேட்ஸ்மேனும் இந்துஸ்தான் டைம்ஸும் வேறு பகுதியில், வேறு மின் விநியோகத்தில் இருந்தன. அதனால் அவை மறுநாள் வெளிவந்துவிட்டன. ஜனநாயகம் அன்றைக்கு ஒரு ஃபீடரில் தொங்கிக்கொண்டிருந்தது!) அடுத்து தணிக்கை வந்தது. வெளிநாட்டு நிருபர்களிடம், தணிக்கை விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

வாஷிங்டன் போஸ்ட் நிருபர் லூயிஸ் சைமன்ஸ் அதற்கு முன்பே, ஜூலை தொடக்கத்திலேயே வெளியேற்றப்பட்டார். நியூஸ்வீக்கின் லோரன் ஜென்கின்ஸ், லண்டன் டைம்ஸின் பீட்டர் ஹேசல்ஹர்ஸ்ட், டெய்லி டெலிகிராஃபின் பீட்டர் கில் ஆகிய மூவரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அவர்களுக்கும் விமானம்தான். பிபிசியும் நிபந்தனையை ஏற்காததால் மார்க் டல்லி போக வேண்டியதாயிற்று. கல்கத்தாவில் பிறந்த மனிதர்! 1977ல் எமர்ஜென்சி முடிந்ததும் திரும்பி வந்துவிட்டார்.

இதே ஜூலையில் குல்தீப் நய்யாரையும் பிடித்தார்கள். இந்தியன் எக்ஸ்பிரஸில் இருந்தவர், லண்டன் டைம்ஸுக்கும் பல ஆண்டுகள் எழுதியவர். டைம்ஸின் வெள்ளைக்கார நிருபருக்கு விமானம் என்றால், இவருக்கு மிசா சட்டம், திகார் சிறை. அவர் மனைவி நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடித்தான் செப்டம்பரில் வெளியே வந்தார். அந்த இருபத்தொரு மாதத்தில் கைதான பத்திரிகையாளர்கள் இருநூற்றைம்பதுக்கும் மேல். வெளியேற்றப்பட்ட அந்நிய நிருபர்களோ ஒரு கை விரல்களைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். என் கட்டுரையே இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அந்நிய நிருபருக்கு ஆபத்து இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். 2007 செப்டம்பர் 27 அன்று ரங்கூனில், புத்த பிக்குகளின் போராட்டத்தின்போது கென்ஜி நாகாய் என்ற ஜப்பானிய நிருபரை ராணுவத்தினர் பக்கத்திலிருந்தே சுட்டுக் கொன்றார்கள். விழுந்த பிறகும் அவர் கையில் கேமரா இருந்தது. அந்தக் கேமரா காணாமல் போய், பதினைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து 2023ல்தான் அவர் தங்கையிடம் கொடுக்கப்பட்டது.

லண்டன் சண்டே டைம்ஸின் மேரி கால்வினை நம்மவர்களில் பலருக்குப் படத்தில் தெரிந்திருக்கும். இடது கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியிருப்பார். அந்தக் கண் போனது நம் பக்கத்தில்தான். பத்திரிகையாளர்கள் போகக்கூடாது என்று இலங்கை அரசு தடுத்திருந்த வன்னிக்குள் போய், அங்கே மக்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, 2001 ஏப்ரலில் இரவில் எல்லை தாண்டித் திரும்பும்போது ராணுவத்தின் குண்டு வெடித்தது. நிருபர் என்று கத்தியும் பயனில்லை. அதற்கப்புறமாவது வீட்டில் இருந்தாரா? 2012 பிப்ரவரி 22ல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் ஷெல் வீச்சில் இறந்தார். கூடவே ஃபிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் இறந்தார். அது தற்செயலாக விழுந்த ஷெல் இல்லை. செய்தியாளர்கள் தங்கிய வீட்டைத் தெரிந்தே குறிவைத்தார்கள் என்று 2019ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அவர்கள் அனுப்பிய செயற்கைக்கோள் சிக்னலைக் கண்காணித்தும், உளவு சொல்பவர்களை வைத்தும் இடத்தைக் கண்டுபிடித்ததாக அந்த வழக்கில் சாட்சியம் வந்தது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பர்களே, டிரான்ஸ்மிட்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பாடத்தை நாம் அஞ்சு மார்க்குக்குப் படிக்கிறோம். அங்கே அதை வைத்து ஆளைக் கொல்கிறார்கள்.

இனி நிமலராஜன். 2000 அக்டோபர் 10ல் இலங்கையில் தேர்தல். யாழ்ப்பாணத்தில் நடந்த தேர்தல் முறைகேடுகளைப் பற்றி அவர் செய்தி கொடுத்தார். அக்டோபர் 19 இரவு ஊரடங்கு நேரம். ராணுவக் காவல் நிறைந்த பகுதி. அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். போகும்போது வீட்டுக்குள் கையெறி குண்டும் வீசினார்கள். பெற்றோரும் ஒரு சிறுவனும் காயமடைந்தார்கள். ஊரடங்கில் நாமெல்லாம் வெளியே தலை நீட்ட முடியாது. துப்பாக்கிக்காரர்கள் மட்டும் எப்படி வந்து எப்படிப் போனார்கள்? இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. 2022ல் இங்கிலாந்துப் போலீஸ் இது தொடர்பாக ஒருவரைக் கைது செய்தது. தண்டனை என்று யாருக்கும் கிடைக்கவில்லை.

அவருக்குப் பத்து வருஷம் முன்பு, 1990 பிப்ரவரி 18ல், கொழும்பில் ரிச்சர்ட் டி சொய்சாவை வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். ரோமைத் தலைமையகமாகக் கொண்ட ஐ.பி.எஸ். செய்தி நிறுவனத்துக்கு எழுதியவர். உடல் கடற்கரையில் கிடைத்தது. அவர் அம்மா டாக்டர் மனோராணி சரவணமுத்து, மகனைக் கொண்டுபோனவர்களில் ஒருவரை டிவியில் பார்த்து, இவர் போலீஸ் அதிகாரி என்று அடையாளம் சொன்னார். சொன்னதற்குக் கொலை மிரட்டல் வந்தது. 2005ல் குற்றம் சாட்டப்பட்ட போலீஸார் விடுதலையானார்கள்.

இலங்கை அப்போதும் தேர்தல் நடத்திய நாடுதான், இந்தியாவும் சட்டப்படிதான் எமர்ஜென்சி போட்டது என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். செய்தி சொன்னவன் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடிகிறதா என்று பாருங்கள்.

பர்மாவில் ராய்ட்டர்ஸுக்கு வேலை செய்த வா லோன், சா சோ ஊ இருவரும் அந்நாட்டுக்காரர்கள். பத்து ரோஹிங்கியா ஆண்கள் கொல்லப்பட்டதை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 2017 டிசம்பரில் போலீஸாரே ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, கையில் சில காகிதங்களைத் திணித்து, வெளியே வந்ததும் ரகசிய ஆவணம் வைத்திருந்ததாகப் பிடித்தார்கள். ஏழு ஆண்டு தண்டனை. உலகமே குரல் கொடுத்தபின் ஐந்நூறு நாளுக்கு மேல் உள்ளே இருந்து, 2019 மே மாதம் விடுதலை. ஆனால் என்னைத் தூங்கவிடாதவர் வேறொருவர். மோ யான் நைங் என்ற போலீஸ் கேப்டன், இது திட்டமிட்டு விரித்த வலை என்று கோர்ட்டில் உண்மையைச் சொன்னார். மறுநாளே அவர் குடும்பத்தைப் போலீஸ் குடியிருப்பிலிருந்து காலி செய்யச் சொன்னார்கள். அவருக்கும் சிறை. நிருபர்களுக்குப் பெரிய பரிசெல்லாம் வந்தது. அவர் பேரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இப்போது எங்கள் வீட்டுக் கதை. இதைச் சர்வாதிகாரத்தோடு ஒப்பிடவில்லை, அளவே வேறு. நான் பத்தாவது படிக்கும்போது சென்னையிலிருந்து ஒருவர் கேமராவோடு ஆரணிக்கு வந்தார். நல்ல மனிதர். எங்கள் தறிக்குழி ஓரமாகவே உட்கார்ந்து டீ குடித்தார். ஒரு சேலைக்கு எத்தனை நாள், கூலி எவ்வளவு, அட்வான்ஸ் கடன் எவ்வளவு என்று கேட்டார். அப்பாவும் உள்ளதைச் சொன்னார். படத்தோடு வந்துவிட்டது. தெருவே பெருமையாகப் பேசியது, ஒரு நாலு நாள்.

ஐந்தாம் நாள் அப்பா பாவு வாங்கப் போனார். "இல்ல, அடுத்த வாரம் வா" என்றார்கள். அடுத்த வாரமும் அதே. இரண்டு மாதம் எங்கள் தறி சும்மா கிடந்தது. அம்மா அடுத்த தெருவில் தார் சுற்றப் போனாள். அக்கா காலேஜில் சேருவதாக இருந்தது. அந்த வருஷம் சேரவில்லை. சென்னைக்காரர் பிறகு ஒருமுறை போன் செய்து, கட்டுரைக்கு நல்ல பேர் என்றாராம். அப்பா பாவு விஷயத்தை அவரிடம் சொல்லவே இல்லை. "அவர் என்ன பண்ணுவார் பாவம், மனசு கஷ்டப்படும்" என்றார்.

போன வாரம் இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நிமலராஜன் வரும் இடத்தில் ரேடியோவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். முடித்ததும், "நம்ம கதையைப் போடலாமாப்பா?" என்று கேட்டேன்.

"போடு. எம்பேரு வேணாம். இன்னும் அவங்ககிட்டதான் பாவு வாங்கறோம்."

"என் பேரைப் போட்டாலே தெரிஞ்சிடுமே?"

கொஞ்ச நேரம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப உன் பேரும் வேணாம்."

மலர்க் குழுவினர் ஒத்துக்கொண்டார்கள்.

— இறுதியாண்டு, மின்னியல் துறை